பச்சை ஒட்டிய பிடி

நல்ல கிதார் எவ்வளவு சத்தம் போடும் என்று யாராவது கேட்டால் மதுக்கடையில் இருக்கும் காபி இயந்திரத்தைத்தான் காட்டுவேன். பால் நுரைக்க அது ஒரு தடவை சீறினால் போதும், அதே மூலையில் எப்பேர்ப்பட்ட கலைஞர் உட்கார்ந்து வாசித்தாலும் காதில் விழாது. நைலான் தந்தி, மெல்லிய பலகை, விரல் நகம். அவ்வளவுதான் சரக்கு. ஒரு கூடத்தில் கொஞ்சம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பதற்காகச் செய்த வாத்தியம் அது. அதைக் கொண்டுபோய்க் காளைச் சண்டை மைதானத்தின் நடுவில் வைத்து, சூரியகாந்தி விதை கொறிக்கிற குடும்பங்களுக்குக் கேட்கவைக்க வேண்டுமென்றால் என்னைப்போல ஒருவன் வேண்டும். என் தொழில் என்னவென்று முதல் கேள்வியாகக் கேட்டீர்கள், நீதிபதி அம்மா. இதுதான் என் தொழில்.

கிதாரின் சத்தத்தைப் பெருக்க ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எந்த வழியில் போனாலும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். தந்திகள் உட்காரும் எலும்புப் பட்டைக்கு அடியில் பிக்கப் என்கிற அதிர்வு வாங்கியைச் செருகினால் சத்தம் தாராளமாக வரும், ஊளையிடாது. ஆனால் வருவது கிதார் இல்லை, பிளாஸ்டிக் டப்பாவில் ரப்பர் பேண்டைக் கட்டிச் சுண்டுகிற சத்தம். வட்டத் துளைக்குள் குட்டி மைக்கைத் தொங்கவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும். மேல்பலகையில் ஒட்டுகிற வகை ஒன்று உண்டு. ஒட்டிய இடம் நகத்தளவு நகர்ந்தாலும் வாத்தியமே வேறாகிவிடும், போதாக்குறைக்கு வாசிப்பவரின் சட்டைப் பொத்தான் உரசுவதும் ஊருக்கே கேட்கும். இவை எல்லாவற்றையும்விட அழகானது, ஒரு முழம் தள்ளி நல்ல மைக் ஒன்றை நிறுத்துவது. கழுத்தும் உடலும் சேருகிற இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். மரம் வரும், நகம் வரும், வாசிப்பவரின் மூச்சுகூட வரும். சிக்கல் ஒன்றுதான். ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தமும் அதே மைக்குக்குள் திரும்பப் போய், சுற்றிச் சுற்றிப் பெருகி, ஊளையிட ஆரம்பிக்கும்.

பெரும்பாலான ஒலிக்காரர்கள் ஊளைக்குப் பயந்து பிக்கப்பைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. என் குணத்தைப் பற்றி இந்த விசாரணையில் யார் என்ன சொல்லியிருந்தாலும் இதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

எங்கார்னா வில்யால்தாவும் நானும் ஒரே சமயத்தில் கிரனாதா இசைக்கல்லூரியில் சேர்ந்தோம். நானும் கிதார்தான் படிக்கப் போனேன். என் கை மரக்கை என்று ஆசிரியர் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். காது மட்டும் நன்றாக இருந்தது. பக்கத்து வகுப்பில் யாருடைய தந்தி இறங்கியிருக்கிறது என்று தாழ்வாரத்தில் நடந்துகொண்டே சொல்லிவிடுவேன். அவள் மேடைக்குப் போனாள், நான் ஒலிமேஜைக்குப் பின்னால் போனேன். “கை என்னுடையது, காது எலாடியோவுடையது” என்று என் பெயரைச் சொல்லியே அவள் பேட்டிகளில் சொல்வாள். நான் அதை வெட்டி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் படித்தேன்.

மொத்ரில் துறைமுகத் திடலில் ஒரு கோடைக் கச்சேரி. கடல் காற்று, முன்னால் கூட்டம், அவள் வாசிப்பது அவளுக்கே கேட்பதற்காகக் காலடியில் ஒரு ஸ்பீக்கர். மெதுவான பகுதியின் நடுவில் அந்தக் காலடி ஸ்பீக்கர் ஊளையிட்டது. அடித்தந்தி ஒன்றின் சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் அடக்குவதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. அவள் வாசிப்பதை நிறுத்தி, முன்னால் இருந்த மைக்கிலேயே கேட்டாள்:

“எலாடியோ, குரைக்கிறது கிதாரா, இல்ல என் மடியில நாயைக் கட்டிவிட்டியா?”

கூட்டம் இன்னும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவமானமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு காலடி ஸ்பீக்கரை எடுத்துவிட்டேன். அவளுடைய காதுத் துளையின் அச்சில் வார்த்த இயர்போன் செய்து கொடுத்தேன். மேடையில் சத்தமே இருக்காது, அவள் வாசிப்பது நேரே அவள் காதுக்குள் போகும். மைக்கை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஊளை வராது. வெளியே திறந்தவெளிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இன்றுவரை கிடையாது. அவளுக்குத்தான் பிடிக்கவில்லை.

“தலையை வாளித் தண்ணிக்குள்ள முக்கிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு, மனுஷா.”

“கொஞ்ச நாள் பொறு. பழகிடும்.”

“ஷூ கடிக்குதுன்னு அழுதப்ப எங்கம்மாவும் இதையேதான் சொன்னா.”

பழகிவிட்டது.

இனி பச்சைப் பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் மேஜையில் இருக்கிற படத்தில் வட்டமிட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான்.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியே சொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. ஒலிமேஜையில் வரிசையாகப் பிடிகள் இருக்கும். மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். அவற்றில் ஒன்றில் எதையும் இணைக்காமல் சும்மா விட்டுவைப்போம். சோதனை வாசிப்பின்போது கலைஞர் மேடையிலிருந்து, கொஞ்சம் ஏத்து, கொஞ்சம் எறக்கு என்று உயிரை வாங்குவார். அளவு சரியாகத்தான் இருக்கும், அவருடைய மனசுதான் சரியாக இருக்காது. அப்போது அவர் கண்முன்னால் அந்தச் செத்த பிடியைக் கொஞ்சம் நகர்த்துவோம். “ஆங், இப்ப சரி” என்பார். எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் சொல்வார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. வைத்தியர் சர்க்கரை உருண்டை கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இந்த வழக்கத்துக்காக ஒலிக்காரர்களைப் பிடிப்பதென்றால் ஒரு திருவிழாவும் நடக்காது.

என் மேஜையில் அந்தப் பிடிக்குப் பச்சை நாடா ஒட்டியிருந்தேன். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் இல்லையா? எங்கார்னாவுக்கு அது தன்னுடைய பிடி என்று தெரியும். அதாவது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். “என் பச்சையக் கொஞ்சம் தள்ளு” என்பாள். நான் தள்ளுவேன். அவள் கையைக் குவித்து எனக்கு ஒரு முத்தத்தை ஊதிவிட்டு நகத்தை ராவ ஆரம்பிப்பாள்.

பாஸா ஊரில், கோட்டை முற்றத்தில் நடந்த கச்சேரியில்தான் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தேன். அவளுடைய இயர்போன் அளவு வழக்கத்தைவிட ஏறியிருந்தது. தவறுதலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவள் வாசித்த விதத்தை என்னால் மறக்க முடியாது. தன் சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்டதால் கை தானாக இளகிவிட்டது. தந்தியைப் பறிக்கவில்லை, தொட்டுவிட்டு விலகினாள். அந்தத் தொடுதலை மைக் பிடித்து, நான் அதைப் பெரிதாக்கி வெளியே விட்டபோது, இத்தனை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த சத்தம் வந்தது. அழுத்தி வாசித்தால் வருகிற தகர ஓசை கொஞ்சமும் இல்லை. முற்றத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிடவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. சந்தோஷம் என்று சொல்லலாம்.

நான் செய்ததெல்லாம் அந்த அளவை அப்படியே விட்டது. பிறகு காது அதற்குப் பழகிக் கை மறுபடி கனமாகிறபோது, கொஞ்சம் ஏற்றினேன். மறுபடி பழகியது. மறுபடி ஏற்றினேன். குளிக்கிற வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கூட்டினால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது பாருங்கள்.

திடீர்ச் சத்தம் காதைத் தாக்காமல் இருக்க அந்தக் கருவியில் ஒரு காவல் இருக்கும். அது சத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாமல் தடுத்ததால் எடுத்துவிட்டேன். அவள் இடுப்பில் செருகிக்கொள்ளும் பெட்டியில் சத்தத்தைக் குறைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. வேர்வை உள்ளே போகும் என்று சொல்லி அதன்மேல் டேப் போட்டேன். ஒரு காதை மட்டும் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். அப்படிச் செய்தால் இன்னொரு காதுக்குக் கெடுதல் என்றேன். அது உண்மையும்கூட. நான் எங்கார்னாவிடம் பொய் பேசியது மிகக் குறைவு.

அடுத்த கச்சேரிப் பருவத்தில்தான் அவள் முதல் தடவையாகக் குறைக்கச் சொன்னாள். அதுவரை எல்லாக் கலைஞர்களையும்போல ஏற்றத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எலாடியோ, பச்சைய எறக்கு. மண்டைக்குள்ள குத்துது.”

நான் பச்சைப் பிடியை இறக்கினேன். அவள் கண் என் கையின்மேல் இருந்தது.

“இப்ப?”

அவள் ஒரு தந்தியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொன்றைத் தொட்டாள்.

“ம். இப்ப தேவலை. உன் கைக்குக் கோயில் கட்டணும்.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்றச் சொல்லும்போது ஏமாறுவது வேறு. குத்துகிறது என்று சொல்லிவிட்டு, குத்தல் குறையாமலே குறைந்துவிட்டது என்று ஒருத்தி சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினாள். அன்றைக்கு அவள் இன்னொரு தடவை, தேவலைன்னு சொன்னேன் இல்ல, இன்னும் கொஞ்சம் எறக்கு என்று சொல்லியிருந்தால் உண்மைப் பிடியை இறக்கியிருப்பேனோ என்னவோ. சொல்லவில்லை. நகத்தை ராவினாள்.

அந்த இரண்டு பருவங்களில் அவள் பல தடவை குறைக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பச்சையை இறக்கினேன். அது அடிமட்டத்துக்கு வந்துவிட்டால், அவள் வருவதற்கு முன்னால் மறுபடி மேலே ஏற்றிவைத்துவிடுவேன், இறக்கிக் காட்ட இடம் வேண்டும் அல்லவா.

கச்சேரி முடிந்ததும் நாங்கள் ஏதாவது மதுக்கடையில் நின்று சாப்பிடுவது வழக்கம். அவளுக்குக் கத்தரிக்காய் வறுவலும் கரும்புப் பாகும் இருந்தால் போதும். ஒருநாள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“யாரோ அடுப்புல கெட்டிலை வச்சுட்டு மறந்து போயிட்டாங்க. கேக்குதா உனக்கு?”

“இல்லையே.”

“எனக்குக் கேக்குது. காலையில எந்திரிச்சாலும் கேக்குது. காதுல ஏதாச்சும் இருக்குமோ? டாக்டர்கிட்ட போகவா? நீ ஒலிக்காரன், உனக்குத் தெரியும்.”

நான் அவள் காதைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுபோலப் பார்த்தேன். மென்மையான சின்னக் காது. அதன் அச்சு என் பெட்டியில் இருந்தது.

“அழுக்குதான் அடைச்சிருக்கும்” என்றேன். “வெதுவெதுன்னு ரெண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் விடு. டாக்டர்கிட்ட போனா ஓய்வெடுன்னுதான் சொல்வான், பருவம் கெட்டுப்போகும்.”

“எண்ணெயா? சாலட்டுக்கு மிச்சம் இருந்தா விடுறேன்” என்று சிரித்தாள். விட்டாள். இரண்டு வாரம் கழித்து, கொஞ்சம் பரவாயில்லை என்றும் சொன்னாள்.

பத்திரிகைகள் அந்த நாட்களில் என்ன எழுதின என்று உங்களுக்குத் தெரியும். எங்கார்னாவின் வலது கை கனிந்துவிட்டது, வயது அவளுக்குக் கொடுக்கிற பரிசு இது என்றெல்லாம். வயது.

அந்தச் சமயத்தில்தான் குகை வீட்டுப் பேச்சு வந்தது. எங்கார்னாவின் ஊர் குவாதிக்ஸ். அங்கே பாதி ஊர் மலையைக் குடைந்த வீடுகளில்தான் குடியிருக்கிறது. அவளுடைய அத்தை ஒருத்தி அப்படியொரு வீட்டை அவளுக்கு விட்டுப் போயிருந்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர், வளைந்த கூரை. உள்ளே தும்மினால்கூட இசையாகத்தான் கேட்கும். அதில் நாற்காலி போட்டு, மைக் இல்லாமல், கம்பி இல்லாமல், வருகிற கொஞ்சம் பேருக்கு வாசிப்பது என்று முடிவு செய்துவிட்டாள். வீடு தயாரானதும் திருவிழாக்களை விட்டுவிடுவதாகச் சொன்னாள். வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் காலைத் தூக்கி முன்பலகையில் வைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைமாதிரி.

“உனக்கும் ஓய்வு, மனுஷா. அந்த ஸ்பீக்கரையெல்லாம் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போச்சு. நீ முன்வரிசையில உக்காரு. முதல் தடவையா சும்மா கேளு.”

“சும்மா கேட்டா நான் என்ன செய்யறது?”

“கை தட்டு. எல்லாரும் அதத்தானே செய்யறாங்க.”

எல்லோரும். அந்த வார்த்தை எனக்கு வலித்தது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை.

நீங்கள் கையை உயர்த்துகிறீர்கள். கேள்வி புரிகிறது. ஆமாம், பாஸாவுக்குப் போகும் வழியில்தான் அந்த வேன் பேச்சு. அதாவது கோட்டை முற்றத்துக் கச்சேரிக்கு முன்னால். நான் சொன்ன வரிசையில் அது பின்னால் விழுந்துவிட்டது, எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அளவு தவறுதலாக ஏறியது என்று நான் சொன்னதையும் திருத்திக்கொள்ளலாம். என் கை அளவு விஷயத்தில் தவறுவதில்லை.

ஆனால் அந்தச் சத்தம் அழகாக இருந்தது என்பது உண்மை. அதற்காகத்தான் தொடர்ந்து செய்தேன். இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

அரசெலி என்ற பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். அல்மேரியாவில் அரங்கத்துக்கு வெளியே வேனிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பித்தப்பைக் கல் வலி வந்து ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மேஜை அங்கேயே நின்றது, என் அளவுகளும் அதிலேயே இருந்தன. அரங்கத்துக்காரர்கள் தங்கள் ஒலிக்காரி அரசெலியை உட்காரவைத்தார்கள். கெட்டிக்காரப் பெண். நடந்ததை எங்கார்னாவே மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னாள், பாதி கோபத்தில், பாதி கிண்டலில்.

“எலாடியோ, பிழைச்சு வந்துடு. உன் எடத்துல ஒரு பொண்ணைப் போட்டாங்க, என்னைக் கொன்னுட்டா.”

“என்ன பண்ணா?”

“பச்சைய எறக்குன்னேன். எறக்கிட்டு மீட்டரைப் பாத்துச் சிரிக்குறா. ‘இதுல ஒண்ணுமே இணைக்கலையேம்மா’ங்குறா. அப்புறம் வேற எதையோ தொட்டா, மெயின் சுவிட்சை அணைச்ச மாதிரி ஆயிடுச்சு. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. ‘என்ன, கரண்ட் போச்சா’ன்னு கேட்டேன். ‘இல்லம்மா, சாதாரண அளவுக்கு வச்சிருக்கேன், எல்லாருக்கும் இவ்வளவுதான் வைப்போம்’னு சொல்றா.”

“அப்புறம்?”

“ஏத்துன்னு கத்தினேன். பழையபடி ஏத்தினா. என்ன தோணுச்சோ, மேடைக்கு ஏறி வந்து என் இயர்போனை வாங்கித் தன் காதுல வச்சுப் பாத்தா. வச்ச வேகத்துல பிடுங்கிப் போட்டுட்டா. மூஞ்சி செத்துப்போச்சு. ‘இதை எத்தனை நாளா போட்டுக்கிறீங்க’ன்னு கேக்குறா. நான் சொன்னேன், ‘பொண்ணே, எலாடியோ இதைவிடக் கம்மியாத்தான் வைப்பான். நான் சொல்லும்போதெல்லாம் எறக்குவான், கண்ணால பாத்திருக்கேன்’னு. சரிதானே?”

“சரிதான்” என்றேன். “அந்தப் பொண்ணுக்கு என் மேஜை பழக்கமில்ல.”

“அதத்தான் நானும் சொன்னேன்.”

நான் படுக்கையில் இருந்தபோது அவள் திருவிழா ஒப்பந்தங்களையெல்லாம் முடித்துக்கொண்டாள். குகை வீடு தயாராகிவிட்டது. திறப்பு நாளில் அவள் சொன்னபடியே நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஊர்க்காரர்கள், சில பழைய மாணவிகள். பின்னால் ஒயினும் பொரித்த ரொட்டித் தூளும் வைத்திருந்தார்கள். கம்பி ஒன்றுகூட இல்லை. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, தொடையில் வைத்துக்கொண்டேன்.

முதல் வரியை அவள் தொட்டாள். பாஸாவில் தொட்டாளே, அதே தொடுதல். சுவரெல்லாம் அதை வாங்கிக்கொண்டது. நான் பெருக்காமலே அவ்வளவு நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்குக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்தாள். கொஞ்சம் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். தந்திகள் கட்டையில் மோதிச் சடசடவென்றன. அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை, யாரோ விளக்கை அணைத்துவிட்டார்கள், போடுவார்கள் என்று காத்திருக்கிற முகம். பிறகு சுட்டுவிரல் நகம் ஒடிந்தது. அது ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள், அளவு தெரியாமல், உரக்க:

“எலாடியோ, எதுவும் வரல. கொஞ்சம் ஏத்து.”

மைக் இல்லை, மேஜை இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. என்னைக் கூப்பிட்டாள் என்று மட்டும் தோன்றியது. இத்தனை பேர் இருக்க, என்னைத்தான் கூப்பிட்டாள்.

மருத்துவர் சொன்னதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. மேல் சுரங்கள் போய்விட்டன, மிச்சம் இருப்பதும் கோணலாகத்தான் கேட்கும், திரும்ப வராது. காதில் கருவி வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியும். இசைக்கு அது உதவாது. அன்று அவள் மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் உதட்டைப் பார்க்கும்படி முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். அதற்குள் பழகியிருந்தாள்.

“எலாடியோ, நீ குறைச்சுதானே வச்சே?”

“குறைச்சுதான் வச்சேன்.”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் தலைமுடியில் ஆரஞ்சுப்பூ சோப்பு வாசனை. நான் நகரவில்லை.

புகார் கொடுத்தது அரசெலி. எங்கார்னா இல்லை. எங்கார்னா உங்கள் முன்னால் வந்து என்ன சொன்னாள் என்று என் வக்கீல் காட்டினார். எப்போது கேட்டாலும் குறைத்தான், அவன் கை இறங்குவதை நானே பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள். பாதிக்கப்பட்டவளே அப்படிச் சொன்ன பிறகு வழக்கு நிற்காது, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றார் வக்கீல். நான் போகாமல் ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை.

மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். போன வாரம் ஒரு பத்திரிகையில் அவளைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள், செத்தவர்களைப் பற்றி எழுதுகிற மாதிரி. அந்தக் கடைசி இரண்டு பருவங்களின் தொடுதல் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் என்று முடித்திருந்தார்கள். எனக்குத் தெரியும். அது என் அளவு. எங்காவது ஒரு காகிதத்தில் அது இருக்க வேண்டும். உங்கள் காகிதம் நல்ல காகிதம், தொலையாது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். எங்கார்னா குறைக்கச் சொன்ன எந்தத் தடவையும் நான் குறைக்கவில்லை. அவள் பார்த்த பிடி செத்த பிடி. உயிருள்ள பிடி என் இடது கையில் இருந்தது, அது ஏறியதே தவிர இறங்கவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நான் ஒலிக்காரன். அவள் குகைக்குப் போகக்கூடாது என்பதற்காகச் செய்தேன். போனாலும் நான் இல்லாமல் முடியக்கூடாது என்பதற்காகச் செய்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம் உண்டு.

இங்கே வரும் வழியில் அவள் தெருவில் கொஞ்சம் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. வாசித்துக்கொண்டிருந்தாள். தாடையைக் கிதாரின் விளிம்பில் அழுத்தி, எலும்பு வழியாகக் கேட்டு வாசிக்கிறாள் என்று நினைக்கிறேன். கை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் நாலாவது தந்தி இறங்கியிருக்கிறது, அவளுக்கு அது தெரியவில்லை. வீட்டில் இருப்பவர்கள் பாவம் பார்த்துச் சொல்லாமல் இருக்கிறார்கள், அல்லது அவர்களுக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டால் அவள் கை அந்தத் தப்புக்குப் பழகிவிடும், அம்மா. அதை என்னால் தாங்க முடியாது.

யாராவது போய்ச் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். என்னை ஒரு ஐந்து நிமிஷம் அனுப்புங்கள், கூடவே காவலர் வரட்டும். நான் சொன்னால் நம்புவாள்.